மானெட் வலையமைப்பில் ரூட்டிங்கும் பாதுகாப்பும்: படிப்படியான முழு வழிகாட்டி

அருகருகே இருக்கும் இரண்டு ஃபோன்கள் ஒரே வைஃபையில் பேசிக்கொண்டாலும், பேச்சு வழக்கமாக ஆக்சஸ் பாயிண்ட் வழியாகத்தான் போய்வருகிறது. அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். செல்பேசிக் கோபுரமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியும் தன் அலைவீச்சுக்குள் இருக்கும் இன்னொரு கருவியிடம் பாக்கெட்டை, அதாவது செய்தியின் ஒரு சிறு துண்டை, கொடுக்கிறது. அது அடுத்ததிடம் கொடுக்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி போய்ச் சேர்கிறது. இதற்கிடையில் கருவிகள் எல்லாம் நகர்ந்துகொண்டும் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மொபைல் அட்-ஹாக் நெட்வொர்க், சுருக்கமாக மானெட்.

யோசனை பழையது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா 1970-களிலேயே பாக்கெட் ரேடியோ ஆய்வைத் தொடங்கிவிட்டது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 1997-இல் இதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஆனாலும் இன்றுவரை இதில் ரூட்டிங்கை (பாக்கெட்டுக்கு வழி கண்டு அனுப்புவதை) ஒருவரும் பாதுகாப்பை இன்னொருவரும் தனித்தனியாகப் படிப்பதும், தனித்தனியாகக் கட்டுவதும் நடந்துகொண்டேயிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சாதாரண இணையத்தில் ரூட்டர் யாரோ ஒரு நிறுவனத்தின் பூட்டிய அறையில் இருக்கிறது. மானெட்டில் உங்கள் பாக்கெட்டைச் சுமப்பவரும், வழி சொல்பவரும், அந்த வழியில் பயணிப்பவரும் ஒரே ஆள். ஆகவே இங்கே ரூட்டிங் என்பதே பக்கத்து முனையின் (வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு முனை) வாய்ச்சொல்லை நம்புவதுதான். தாக்குதல் என்பது அந்த வாய்ச்சொல்லில் ஒரு பொய். இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டே கீழுள்ள படிகளைத் தாண்டுவோம்.

படி 1: இது உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வையுங்கள். எத்தனை முனைகள்? என்ன வேகத்தில் நகரும்? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? முனைகள் எல்லாம் ஒரே அமைப்புக்குச் சொந்தமா, இல்லை, முன்பின் தெரியாதவர்களின் கருவிகளும் சேருமா? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நெறிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். படி 5 முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

முனைகளின் எண்ணிக்கை கூடக்கூட வலையமைப்பு பலம் பெறும் என்று தோன்றும். கொள்ளளவு விஷயத்தில் நேர்மாறு. குப்தா, குமார் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் காட்டியபடி, முனைகளைச் சாதகமாக அடுக்கி வைத்தாலும்கூட ஒவ்வொரு முனைக்கும் கிடைக்கும் வேகம், மொத்த முனைகளின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது முனைகள் 4 மடங்கானால் தலைக்குக் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதி. காரணம் எளிது: எல்லோரும் ஒரே சேனலில் பேசுகிறார்கள், ஒருவர் பேசும்போது சுற்றியிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே வரிசையில் நிற்கும் முனைகள் வழியாக ஒரு செய்தியைத் தள்ளினால், இணைப்பின் வேகத்தில் கால் பங்கு கிடைப்பதே கொள்கையளவில் உச்சம். வீடியோ ஓட்டும் திட்டம் இருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள்.

படி 2: ரேடியோவின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வலைப்படத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறோம். காற்றில் அப்படி ஒரு கோடு கிடையாது. நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. இப்படிப்பட்ட ஒருபக்க இணைப்புகள் சர்வசாதாரணம். நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் ஓரங்களில் இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி நடுவில் மோதிக்கொள்வார்கள். இதை மறைமுனைச் சிக்கல் என்பார்கள்.

இதைவிட நயவஞ்சகமான ஒன்று உண்டு. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அனுப்பும் ஹலோ செய்தி சின்னது, குறைந்த வேகத்தில் போவது, ஆகவே தூரம் போகும். உண்மையான தரவு பாக்கெட் பெரியது, அதிக வேகத்தில் போவது, ஆகவே அந்தத் தூரம் போகாது. ஹலோ கேட்கிறது என்று நம்பி வழி போட்டால் தரவு பாதியில் செத்துப்போகும். 2002-இல் ஏஓடிவி என்ற ரூட்டிங் நெறிமுறையை (படி 3-இல் விரிவாக வரும்) உண்மைக் கருவிகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் இந்தப் பகுதிக்கு ‘சாம்பல் மண்டலம்’ என்று பெயர் வைத்தார்கள். இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் பொய் சொல்லாமலேயே தவறான தகவலை நம்பும் நிலை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து, குறைந்த தாவல்களை (ஒரு முனையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுவது ஒரு தாவல்) மட்டும் தேடாமல் இணைப்பின் தரத்தை அளப்பது. 2003-இல் வந்த ஈடிஎக்ஸ் அளவீடு இதைத்தான் செய்கிறது: ஒரு பாக்கெட்டைச் சேர்க்கச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும்? போகும் திசையில் வெற்றி விகிதம் 0.6, ஒப்புகை (‘கிடைத்தது’ என்ற பதில்) திரும்பும் திசையில் 0.5 என்றால், இரண்டையும் பெருக்க 0.3, அதன் தலைகீழ் 3.33. இன்னொரு வழியில் இரண்டு தாவல்கள், ஒவ்வொன்றிலும் 0.9, 0.8 என்றால் ஒரு தாவலுக்கு 1.39, மொத்தம் 2.78. ஒரு தாவல் வழியைவிட இரண்டு தாவல் வழியே மேல். தாவல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நெறிமுறை கண்ணை மூடிக்கொண்டு மோசமானதைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

படி 3: ரூட்டிங் நெறிமுறையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு பெரிய குடும்பங்கள். தேவை வரும்போது மட்டும் வழி தேடுபவை ஒன்று. எப்போதும் வழி அட்டவணையைத் தயாராக வைத்திருப்பவை இன்னொன்று. முதல் குடும்பத்தில் ஏஓடிவி (ஆர்எஃப்சி 3561, 2003), டிஎஸ்ஆர் (ஆர்எஃப்சி 4728, 2007). ஆர்எஃப்சி என்பது ஐஇடிஎஃப் நெறிமுறைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவணம். இரண்டாவதில் டிஎஸ்டிவி (1994), ஓஎல்எஸ்ஆர் (ஆர்எஃப்சி 3626, 2003), அதன் அடுத்த பதிப்பு (ஆர்எஃப்சி 7181, 2014).

ஏஓடிவியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மற்றவை பிறகு தானாகப் புரியும். ‘க’ என்ற முனைக்கு ‘ம’ என்ற முனையிடம் பேச வேண்டும், வழி தெரியாது. ‘ம எங்கே?’ என்று ஒரு வழிக்கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்புகிறது. கேட்ட ஒவ்வொரு முனையும் ‘க-வுக்குத் திரும்பிப் போக, எனக்கு இதைச் சொன்னவர் வழியாகப் போக வேண்டும்’ என்று குறித்துக்கொண்டு கேள்வியைத் தன் பங்குக்கு மீண்டும் ஒலிபரப்புகிறது. ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால் தூக்கி எறிந்துவிடும். கடைசியில் ம-வே பதில் தரலாம், அல்லது ம-வுக்குப் புதிய வழி வைத்திருக்கும் நடு முனை பதில் தரலாம். பதில், குறித்து வைத்த தடத்தில் திரும்பி வரும். பிறகு எங்காவது இணைப்பு அறுந்தால், அதைக் கண்ட முனை ‘வழி போயிற்று’ என்று பிழைச்செய்தி அனுப்பும்.

எது புதிய வழி, எது பழையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு வரிசை எண். பெரிய எண் என்றால் புதிய செய்தி. எண் சமமாக இருந்தால் தாவல் குறைந்த வழிக்கு வெற்றி. பாக்கெட்டுகள் சுற்றிச்சுற்றி வட்டமடிக்காமல் தடுப்பது இந்த எண்தான். அழகான உத்தி. இதே எண்தான் படி 4-இல் கழுத்தை அறுக்கப் போகிறது.

கேள்வியை ஒவ்வொரு முறையும் ஊர் முழுக்கப் பரப்பினால் அலைவரிசை நிரம்பி வழியும். அதனால் ஏஓடிவி முதலில் 1 தாவல் தூரம் கேட்கும், பதிலில்லாவிட்டால் 3, 5, 7, அப்புறம்தான் முழு வலைக்கும் (இயல்பு மதிப்பு 35). ஓஎல்எஸ்ஆர் வேறு வழியில் சிக்கனம் செய்கிறது: தன் இரண்டு தாவல் அண்டைகள் எல்லோரையும் எட்டப் போதுமான சில அண்டைகளை மட்டும் ஒவ்வொரு முனையும் தூதர்களாக நியமிக்கும்; அவர்கள் மட்டும் செய்தியை மறு ஒலிபரப்பு செய்தால் போதும்.

தேர்வுக்கு என் அளவுகோல் இது. பேச்சு அரிது, முனைகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன, பேட்டரி முக்கியம் என்றால் முதல் குடும்பம். எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறார்கள், முதல் பாக்கெட்டே தாமதமாகக் கூடாது என்றால் இரண்டாவது. வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஓடிவி 1 விநாடிக்கு ஒரு ஹலோ அனுப்பி, ஏறக்குறைய 2 விநாடி சத்தமில்லை என்றால் இணைப்பு போனதாக முடிவு செய்யும். ஓஎல்எஸ்ஆரில் 2 விநாடிக்கு ஒரு ஹலோ, 6 விநாடி காத்திருப்பு. எதிரெதிரே விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் இரண்டு வண்டிகள் அந்த 6 விநாடியில் 240 மீட்டர் விலகிவிடும். வைஃபை வீச்சே அவ்வளவுதான். இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டால், அந்த வழியில் இப்போது இல்லாத ஆளுக்குப் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். மதிப்புகளைக் குறைத்தால் ஹலோக்களே அலைவரிசையைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் வேகத்துக்கு ஏற்ற இடத்தைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெதுவாக நகரும் உண்மைக் கருவிகளில் இன்றே ஓட்ட வேண்டுமென்றால், லினக்ஸ் கர்னலில் 2.6.38 பதிப்பிலிருந்தே இருக்கும் பேட்மேன்-அட்வான்ஸ்டு, அல்லது பேபல் (ஆர்எஃப்சி 8966, 2021) ஆகிய ரூட்டிங் நெறிமுறைகளைப் பார்க்கலாம்.

படி 4: நெறிமுறையை வாக்குமூலங்களாகப் பிரியுங்கள்

பெரும்பாலான கட்டுரைகள் தாக்குதல்களின் பெயர்ப்பட்டியலைத் தரும். மனப்பாடம் ஆகும், பயன் இருக்காது. மாற்றாக ஒரு தாளை எடுத்து, நெறிமுறையில் ஒரு முனை இன்னொன்றிடம் சொல்லும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு வாக்குமூலமாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இது பொய்யானால்?’ என்று கேளுங்கள். ஆர்எஃப்சி 3561, தனிப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு எதையும் தான் வகுக்கவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆகவே எல்லா வாக்குமூலமும் அப்படியே நம்பப்படுகிறது.

‘ம-வுக்கு என்னிடம் மிகப் புதிய வழி இருக்கிறது.’ இது பொய்யானால் கருந்துளைத் தாக்குதல். ‘ப’ என்ற கெட்ட முனை, வழிக்கேள்வி வந்த மறுகணமே மிகப் பெரிய வரிசை எண் போட்ட பதிலை அனுப்பும். தன் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம் என்பதால் நேர்மையானவர்களைவிட முந்திக்கொள்ளும். க அதை நம்பிப் பாக்கெட்டுகளைக் கொட்டும். ப எல்லாவற்றையும் விழுங்கும். உண்மையான பதில் பிறகு வந்தாலும் அதன் எண் சிறியது என்பதால் க அதைப் பழைய செய்தி என்று ஒதுக்கிவிடும். வட்டமடிப்பதைத் தடுக்க வைத்த விதியே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

‘நீ கொடுத்ததை நான் அனுப்பிவிட்டேன்.’ இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை, மறைவாக நம்பப்படுகிறது. பொய்யானால் சாம்பல் துளை: ரூட்டிங் செய்திகளை ஒழுங்காக அனுப்பிவிட்டு, தரவு பாக்கெட்டுகளில் மட்டும் சிலவற்றைப் பொறுக்கித் தூக்கி எறிந்துவிடும். நெரிசலால் ஏற்படும் இழப்பு போலவே தெரிவதால் பிடிப்பது கஷ்டம்.

‘நான் உன் அண்டை.’ இதில்தான் புழுத்துளை வருகிறது, என் கணிப்பில் இருப்பதிலேயே கொடியது. வலையின் இரு கோடிகளில் நிற்கும் இரண்டு கூட்டாளிகள், தங்களுக்குள் ஒரு தனி வேக இணைப்பை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் கேட்ட ஹலோவை அந்தப் பக்கம் அப்படியே ஒலிபரப்புகிறார்கள். எட்டுத் தாவல் தள்ளி இருப்பவர்கள் தங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நம்புகிறார்கள். எல்லா வழியும் இந்தச் சுரங்கத்தில் இழுக்கப்படும். கூட்டாளிகளிடம் எந்தச் சாவியும் இருக்க வேண்டியதில்லை. குறியாக்கம் செய்த பாக்கெட்டையும் திறக்காமலே சுமக்கலாம்.

‘முதலில் வந்த கேள்வியே போதும்’ என்ற விதியும் ஒரு நம்பிக்கைதான். மற்றவர்கள் மோதலைத் தவிர்க்கச் சிறிது காத்திருந்து ஒலிபரப்பும்போது, காத்திருக்காமல் முந்துபவர் எல்லா வழியிலும் நுழைந்துவிடுவார். ஓஎல்எஸ்ஆரில் இதன் உறவுக்காரர்: ‘உன் இரண்டு தாவல் அண்டைகள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்களே’ என்று ஹலோவில் பொய் சொல்பவரைத் தூதராக நியமிக்காமல் இருக்க முடியாது. ‘நான் ஒரே ஆள்’ என்பது பொய்யானால், ஒருவரே பல பெயர்களில் நடிக்கும் சிபில் தாக்குதல். ‘அந்த இணைப்பு அறுந்தது’ என்பது பொய்யானால் நல்ல வழிகள் சாகும். ‘எனக்கு உன் உதவி வேண்டும்’ என்பதும் பொய்யாகலாம். தொந்தரவு செய்தே பேட்டரியை வடித்துவிடுவார்கள்.

அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் அடைத்துவிடுபவரை ரூட்டிங் நெறிமுறை ஒன்றும் செய்ய முடியாது. அது ரேடியோ வடிவமைப்பின் வேலை, இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 5: வெளியாளை முதலில் தடுங்கள், பிறகு உள்ளாளை

படி 1-இன் நான்காவது கேள்விக்குத் திரும்புங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே அமைப்புக்குச் சொந்தமானவை, திருட்டுப் போக வாய்ப்பு குறைவு என்றால், ஒரு பொதுச் சாவியும் ஒவ்வொரு ரூட்டிங் செய்திக்கும் நேர முத்திரையுடன் கூடிய சரிபார்ப்பு எண்ணும் போதும். ஓஎல்எஸ்ஆர் இரண்டாம் பதிப்புக்கு இதை ஆர்எஃப்சி 7182, 7183 வகுத்துத் தந்திருக்கின்றன. நேர முத்திரையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நேற்றைய உண்மையான செய்தியை இன்று மறுபடி ஒலிபரப்பியே குழப்பலாம்.

ஒரு கருவி எதிரி கையில் சிக்கினால் பொதுச் சாவி மொத்தமும் போச்சு. அந்த ஆபத்து உண்டென்றால் ஒவ்வொரு முனைக்கும் தனிச் சான்றிதழும் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். ம தன் வரிசை எண்ணைத் தானே கையொப்பமிட்டால் கருந்துளையின் பெரிய எண் செல்லாது. அதோடு, இலக்கு முனை மட்டுமே பதில் தர வேண்டும் என்று வழிக்கேள்வியில் குறிக்கும் ஏஓடிவியின் கொடியையும் போட்டுவிடுங்கள்; கொஞ்சம் தாமதம் கூடும், பரவாயில்லை.

தாவல் எண்ணிக்கையை மட்டும் கையொப்பமிட முடியாது, வழியில் ஒவ்வொருவரும் அதைக் கூட்ட வேண்டுமே. ஏஓடிவியின் பாதுகாப்பான வடிவமான எஸ்ஏஓடிவி இதற்கு ஹாஷ் சங்கிலியைப் பயன்படுத்துகிறது; ஹாஷ் என்பது திருப்ப முடியாத ஒருவழிக் கணக்கு. அனுப்புபவர் ஒரு சீரற்ற எண்ணை எடுத்து, அதிகபட்சத் தாவல் 10 என்றால் 10 முறை ஹாஷ் செய்து, கடைசி முடிவைக் கையொப்பத்துக்குள் வைக்கிறார். பாக்கெட்டோடு முதல் எண் கிளம்புகிறது. ஒவ்வொரு முனையும் ஒரு முறை ஹாஷ் செய்து அனுப்புகிறது. தாவல் 3 என்று சொல்லி வரும் பாக்கெட்டை இன்னும் 7 முறை ஹாஷ் செய்தால் கையொப்பமிட்ட முடிவோடு பொருந்த வேண்டும். ஹாஷைப் பின்னோக்கிச் சுற்ற முடியாததால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஆனால் கூட்டாமல் அப்படியே அனுப்ப முடியும்! இந்த ஓட்டை தெரிந்தே இருக்கட்டும்.

கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் செலவுதான். குப்பைக் கையொப்பங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பியே சின்னச் செயலியை முடக்கலாம். ஆகவே ஒவ்வொரு அண்டையிடமிருந்தும் விநாடிக்கு இத்தனை வழிக்கேள்விதான் என்று வரம்பு வைத்து, மலிவான சரிபார்ப்பை முன்னாலும் கனமானதைப் பின்னாலும் செய்யுங்கள். 2002-இல் வந்த அரியாட்னி என்ற பாதுகாப்பான ரூட்டிங் நெறிமுறை, கையொப்பத்தைத் தவிர்த்து, சாவியைக் காலம் தாழ்த்தி வெளியிடும் டெஸ்லா முறையால் இந்தச் செலவைக் குறைத்தது; விலையாகக் கடிகாரங்கள் ஓரளவு ஒத்துப்போக வேண்டும்.

சான்றிதழ் தருவது யார் என்பது எப்போதும் இடறும் இடம். களத்தில் மைய அதிகாரி எட்டமாட்டார். ஷமீர் 1979-இல் தந்த ரகசியப் பங்கீட்டு உத்தியை வைத்து, அதிகாரியின் சாவியைப் பல முனைகளுக்குப் பிரித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்தால்தான் கையொப்பமிட முடியும் என்று செய்யலாம்; ஜோவும் ஹாஸும் 1999-இல் இதை முன்வைத்தார்கள். நடைமுறையில் நான் சொல்வது இன்னும் எளிது: புறப்படும் முன்பே சான்றிதழ்களை ஏற்றிவிடுங்கள், ஆயுளைச் சில நாள்களாகக் குறுக்குங்கள். தொலைந்த கருவியின் பெயரை வலை முழுக்கத் தண்டோரா போட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போகும்.

படி 6: கையொப்பத்துக்கு எட்டாத பொய்கள்

கையொப்பம் ‘யார் சொன்னது’ என்பதை நிரூபிக்கும். ‘சொன்னபடி செய்தாரா’ என்பதை நிரூபிக்காது. 2000-இல் வந்த வாட்ச்டாக் முறை, பாக்கெட்டைக் கொடுத்த முனையே காதைத் தீட்டிக்கொண்டு, அண்டை அதை மறு ஒலிபரப்பு செய்கிறதா என்று ஒட்டுக்கேட்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என்னிடத்தில் ஒரு மோதல் நடந்தால் நல்லவர் கெட்டவராகத் தெரிவார். எனக்கு மட்டும் கேட்டு அடுத்த முனைக்கு எட்டாத அளவு குறைந்த சக்தியில் ஒலிபரப்பினால் கெட்டவர் நல்லவராகத் தெரிவார். இணைப்புக்கு இணைப்பு வேறு சாவியில் குறியாக்கம் செய்தால் என்ன போகிறது என்றே எனக்குப் புரியாது. ஆகவே வாட்ச்டாக் புகாரை வைத்து யாரையும் வலையிலிருந்து வெளியேற்றாதீர்கள். அந்த வழியின் மதிப்பெண்ணைக் குறையுங்கள், போதும். இந்தப் புகார்களை மற்றவர்களுக்குப் பரப்பினால் அவதூறும் ஒரு ஆயுதமாகிவிடும்.

இதைவிட நம்பகமானது இரு கோடிகளும் தாமே சரிபார்ப்பது: இலக்கு முனை கையொப்பமிட்ட ஒப்புகை தரட்டும், வராத வழியைக் கைவிட்டு வேறு வழிக்கு மாறுங்கள். உள்ளடக்கத்துக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை குறியாக்கம் எப்போதும் இருக்க வேண்டும். வழி ஒரு கெட்டவர் கையில் இருக்கிறது என்றே எண்ணி வடிவமையுங்கள்.

புழுத்துளைக்கு 2003-இல் பாக்கெட் கயிறு என்ற யோசனை வந்தது. அனுப்பியவர் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் பாக்கெட்டில் கட்டி அனுப்ப, பெறுபவர் தூரம் நம்பக்கூடியதா என்று பார்ப்பார். நேரத்தை மட்டும் வைத்தும் செய்யலாம், ஆனால் ஒளி 1 மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் ஓடிவிடும். சாதாரண வைஃபை மென்பொருளில் வரும் தடுமாற்றமே அதைவிடப் பெரிது. ஜிபிஎஸ் இருந்தால் இருப்பிடக் கயிறுதான் நடைமுறைக்கு ஏற்றது.

படி 7: சோதியுங்கள், அளவுகளைச் சந்தேகியுங்கள்

என்எஸ்-3 சிமுலேட்டரில் ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர், டிஎஸ்டிவி, டிஎஸ்ஆர் நான்கும் தயாராக இருக்கின்றன. நூறு முனைகளோடு தொடங்காதீர்கள். ஐந்து முனைகளை ஒரே கோட்டில் நிறுத்தி, நடு இணைப்பை அறுத்து, வழி தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் நகரவிடுங்கள். அப்புறம் ஒரு பொய்யரை உள்ளே விடுங்கள். லினக்ஸில் உண்மையான நிரல்களை ஓட்ட வேண்டுமென்றால் மேக்80211-எச்டபிள்யூசிம் தொகுதி பொய் ரேடியோக்களை உருவாக்கித் தரும்.

முனைகள் ஏதோ ஒரு இடத்தையும் வேகத்தையும் சீரற்றுத் தேர்ந்து நகரும் ரேண்டம் வேபாயிண்ட் நகர்வு மாதிரியில் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக விடாதீர்கள். நேரம் ஆக ஆகச் சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும் என்று 2003-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் ‘நகரும்’ வலை மெல்ல நின்றுபோன வலையாகிவிடும். ஒரே ஒரு ஓட்டத்தின் முடிவை நம்பாமல் பல தொடக்க விதைகளோடு (சிமுலேட்டரின் சீரற்ற எண்களுக்கான தொடக்க மதிப்புகளோடு) ஓட்டுங்கள். தாக்குதல் இல்லாத நிலையிலும் பாதுகாப்பு ஏற்பாட்டின் கூடுதல் செலவை அளந்து எழுதுங்கள். ரூட்டிங் செய்திகளை எண்ணும்போது ஒவ்வொரு தாவலிலும் நடக்கும் மறு ஒலிபரப்பைத் தனித்தனியாக எண்ண வேண்டும்.

பாக்கெட் சேர்ந்த விகிதம், தாமதம், கூடுதல் செய்திகள் மூன்றையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். கருந்துளையை உள்ளே விட்ட ஓட்டத்தில் சராசரி தாமதம் முன்பைவிடக் குறைந்திருந்தால் நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தாமதம் போய்ச் சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. தொலைதூரத்துக்குப் போனவற்றைக் கருந்துளையான ப விழுங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவை மட்டும் பிழைத்திருக்கின்றன.